வெட்டச் சொன்ன அச்சு

மார்ச் 4

பட்டறைக்காரருக்கு,

இந்த ஊருக்குக் கலர் டிவி வந்த வருஷம் அது. மேம்பாலத்துக்கு நட்ட தூண் ஒண்ணு சாய்ஞ்சு, மண்ணு சரியில்லன்னு பிடுங்கித் திரும்ப நட்டாங்களே, அதே வருஷம். எதிர்வீட்டு வக்கீல் வீட்டை வித்தார். பால்காரர் சைக்கிளை விட்டுட்டு மொபெட் வாங்கி, முதல் நாளே நம்ம சுவத்துல மோதினார். அந்த வருஷம்தான் நம்ம பட்டறைக்கு முதல் டின் சிலிக்கான் ரப்பர் வந்தது. நீ எழுதி வச்சுக்கிற ஆள், உனக்கு மறந்திருக்கும். எனக்கு எழுதத் தெரியாது, அதனால மறக்க வழியில்ல. இதையும் மாடி வீட்டு நர்ஸம்மாதான் எழுதறாங்க. உன் பதிலையும் அவங்கதான் படிக்கணும். போன் பண்ணாதே. உன் குரல் கேட்டா வச்சுடுவேன்.

அதை விற்க வந்தவர் மேஜை மேல ஒரு பிடி மணலைக் கொட்டினார். "இதுலேர்ந்து எடுக்கிற சரக்கு சார், சிலிக்கான்"னார். "அப்ப ஆத்துல போய் அள்ளிக்கிறோம், நீங்க கிளம்புங்க"ன்னு நீ சொன்னே. எல்லாரும் சிரிச்சோம். அவர் சிரிக்காம டின்ல இருந்த கூழைக் கிண்ணத்துல ஊத்தி, ஒரு சின்னப் புட்டியிலிருந்து மருந்து கலந்து, ஒரு துணி மேலயும் என் கட்டைவிரல் மேலயும் பூசி, இறுகினதும் உரிச்சுக் காட்டினார். துணியோட நெசவு, என் கட்டைவிரல் ரேகை, எல்லாம் அதுல அப்படியே இருந்தது. அது வரைக்கும் நாம எடுத்த பிளாஸ்டர் அச்செல்லாம் கை நடுங்குறவன் வரைஞ்ச படம் மாதிரி ஆயிடுச்சு.

அதுல முதல்ல எடுத்த முகம் யாரோடது? என் பொண்ணோடது. "நான் படுக்கறேம்பா"ன்னு அவளாத்தான் மேஜையில ஏறிப் படுத்தா. பத்தொன்பது வயசு. பல் டாக்டர்கள் அச்செடுக்கிற மாவை அவ முகத்துல அப்பி, அதுல பிளாஸ்டர் ஊத்தி முகம் எடுத்து, அந்த முகத்து மேல சிலிக்கான் ஊத்தினோம்.

அடுத்த ரெண்டு வருஷத்துல மஞ்சள் காமாலை அவளைக் கொண்டுபோச்சு. பிளாஸ்டர் முகத்தை நானே உடைச்சேன். ரப்பர் அச்சை வெட்டிப் போடச் சொன்னது உன்கிட்ட. கத்தியோட உள்ளே போனே. வந்து, "வெட்டியாச்சுண்ணே"ன்னே. கையில துண்டுங்களைக் காட்டினே.

போன மாசம் எனக்குக் கண் ஆபரேஷன் ஆச்சு. புதுக் கண்ணாடி வாங்கக் கடைத்தெருவுக்குப் போனேன். பக்கத்துல பெரிய துணிக்கடை. ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால வரிசையா பொம்மைங்க, மழைக்கோட்டு போட்டுக்கிட்டு. நடுவுல நிக்குது என் பொண்ணு.

அந்த அச்சு எங்கே?

* * *

மார்ச் 19

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இத்தனை காலம் கழித்து உங்களிடமிருந்து ஒரு கடிதம் என்றதும் கை கழுவிவிட்டு வந்து பிரித்தேன். பட்டறைக்காரருக்கு என்று ஆரம்பித்திருக்கிறீர்கள். பரவாயில்லை. தபால்காரருக்கும் அப்படித்தான் நான்.

கண் ஆபரேஷன் நல்லபடியாக நடந்ததில் சந்தோஷம். புதுக் கண்ணில் முதல் சில நாள் எல்லாம் அதிகமாகவே தெரியும் என்பார்கள். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். துணிக்கடைப் பொம்மைகள் எல்லாமே ஒரே சாயல். ஒரு நல்ல மூக்கு கிடைத்தால் போதும், ஒரே வருஷத்தில் பத்துப் பட்டறை அதைக் காப்பியடிக்கும். அதில் ஒன்று நம் குழந்தையைப் போல இருந்ததில் ஆச்சரியம் என்ன?

நான் இப்போது பொம்மை வேலை அதிகம் செய்வதில்லை. கேக் சுடும் தட்டு, ஐஸ் அச்சு, போனுக்கு உறை, கை இழந்தவர்களுக்கு விரல். எல்லாம் அதே சிலிக்கான்தான். போனுக்குள்ளே கணக்குப் போடும் சில்லும் அதே மணல் குடும்பம், மொட்டை மாடிகளில் வெயில் குடித்துக் கரண்ட் கொடுக்கும் பலகையும் அதே குடும்பம். உலகம் முழுக்க அதற்குச் சொந்தக்காரர்கள். எனக்குத்தான் ஒருவரும் இல்லை.

அண்ணி காலமானபோது வந்தேன். வாசலில் நின்றேன். நீங்கள் கதவைத் திறக்கவில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை, ஞாபகம் இருக்கிறது என்று சொல்கிறேன். எழுதி வைத்துக்கொள்கிற ஆளுக்கும் சிலது எழுதாமலே ஞாபகம் இருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி

* * *

ஏப்ரல் 2

பட்டறைக்காரருக்கு,

கேட்டதுக்குப் பதில் சொல்லாம ஐஸ் அச்சு விக்கிறே.

நேத்து நர்ஸம்மாவைக் கூட்டிட்டுத் திரும்ப அந்தக் கடைக்குப் போனேன். உள்ளேயே போயிட்டேன். ஜன்னல் பக்கமா ஏறி அது கன்னத்துல கை வச்சதும் மேற்பார்வை பார்க்கிற அம்மா ஓடி வந்துட்டாங்க.

"ஐயா, பொம்மையைத் தொடாதீங்க."

"இது என் பொண்ணும்மா."

அந்தம்மா நர்ஸம்மாவைப் பார்த்தாங்க. கிழவனுக்குப் புத்தி தட்டிப்போச்சான்னு அந்தப் பார்வையே கேட்டுச்சு. நர்ஸம்மா சும்மா இருக்காம, "அவர் இதைச் செய்றவர்ங்க, வேலையைப் பார்க்கிறார்"னு சொல்லிச் சமாளிச்சாங்க.

"அப்ப ஒரு உதவி பண்ணுங்கய்யா, இதுக்கு மட்டும் எந்தச் சட்டை போட்டாலும் சிரிக்கிற மாதிரியே இருக்கு, துக்கத்துக்குப் போற கறுப்பு உடுப்பு போட முடியல"ன்னாங்க அந்தம்மா.

நான் கண்ணாடியை ஏத்திவிட்டுக்கிட்டு அது நெத்தியைக் கிட்டத்துல பார்த்தேன்.

இடது புருவத்துக்கு மேல அம்மை வடு. சுண்டுவிரல் நுனி உட்கார்ற குழி. பொம்மை செய்யறவன் எவனும் குழியை அப்படியே விடமாட்டான், பட்டி மாவு வச்சு அடைச்சுத் தேய்ச்சுடுவான். இங்கே அடைக்கல. அது யார் முகம்னு தெரிஞ்சவன் கைதான் அதை விட்டு வச்சிருக்கு. பின்கழுத்துல முடிக்குக் கீழே உன் பட்டறை முத்திரை. இனிமே ஆச்சரியம் என்னன்னு என்கிட்ட எழுதாதே.

இன்னொண்ணு. அதை நினைச்சுத்தான் ராத்திரி தூக்கம் வரல. அச்செடுத்தப்ப அவ கண்ணை மூடிக்கிட்டுப் படுத்திருந்தா. அந்த அச்சுல எத்தனை முகம் எடுத்தாலும் மூடின கண்தான் வரும். கடையில நிக்கிறது கண்ணைத் திறந்திருக்கு. செதுக்கித் திறந்திருக்காங்க. உனக்கு அது வராது. உன் கைக்கு ஊத்தத் தெரியும், செதுக்கத் தெரியாது. நீ திறந்தா ரெண்டு கண்ணும் மீன் மாதிரி முழிக்கும். இது அப்படியில்ல. லேசாக் கீழே பார்க்குது. நான் நேரா நின்னு பார்த்தா என்னைப் பார்க்கல, என் நெஞ்சைப் பார்க்குது.

யாரை வச்சுத் திறந்தே? என் பொண்ணு முகத்தை எந்தக் கூலிக்காரன் மடியில வச்சு நோண்டினான்? அச்சை ஒளிச்சது ஒரு துரோகம். அதைக்கூட எப்படியாவது விழுங்கிடலாம். இதை என்னால விழுங்க முடியல. பேரைச் சொல்லு.

* * *

ஏப்ரல் 21

இதைப் படித்துக் காட்டும் அம்மாவுக்கு முதலில் ஒரு வார்த்தை. அண்ணன் உட்கார்ந்திருக்கும்போது படியுங்கள். பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். நடுவில் நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடுங்கள், ஆனால் இன்னொரு நாள் மிச்சத்தைப் படித்துவிடுங்கள்.

அண்ணே,

வெட்டவில்லை. நான் காட்டின துண்டுகள் ஒரு சிங்கத் தலை அச்சு. ஏற்கெனவே கிழிந்து மூலையில் கிடந்தது.

நான் கத்தியோடு உள்ளே போனபோது உள்ளே அண்ணி உட்கார்ந்திருந்தார்கள். அச்சை மடியில் வைத்துத் துணியால் மூடியிருந்தார்கள். சிங்கத்தைக் காலால் என் பக்கம் தள்ளினார்கள். அவ்வளவுதான். நான் சிங்கத்தை வெட்டினேன்.

கண்ணைத் திறந்தது கூலிக்காரன் இல்லை. அண்ணிதான்.

நிறுத்தச் சொல்லியிருப்பீர்கள். மறுபடி உட்கார்ந்த பிறகு மேலே.

நீங்கள் பட்டறையை மூடினீர்கள். நான் இந்த ஊருக்கு வந்து தனியாகத் திறந்தேன், அதோடு என்னிடம் பேசுவதை விட்டீர்கள். அச்சும் என்னோடு வந்தது. அண்ணி பஸ் பிடித்து வருவார்கள். அந்த அச்சில் நான் ஒரு பிளாஸ்டர் முகம் ஊற்றிக் கொடுத்தேன். உங்களுக்குக் களிமண் பிசைந்து கொடுத்தே உங்கள் கை வேலை முழுவதையும் பார்த்து வைத்திருந்தார்கள், அது உங்களுக்குத் தெரியுமா? கொண்டை ஊசியை வைத்து இமையைக் கீறினார்கள். கொஞ்சம் கீறுவார்கள், அழுவார்கள், கிளம்பிப் போவார்கள். அடுத்த முறை வந்து இன்னும் கொஞ்சம். ஏன் அண்ணி கீழே பார்க்கிற மாதிரி செய்கிறீர்கள் என்று கேட்டேன். "அவ என்னை விட உயரம்டா. என்கிட்டப் பேசறப்ப அப்படித்தானே பார்ப்பா" என்றார்கள்.

அது உங்கள் நெஞ்சைப் பார்க்கவில்லை. அண்ணியின் தலை அங்கேதான் வரும்.

முகத்தை வீட்டுக்குக் கொண்டு போங்கள் என்றேன். மாட்டேன் என்றார்கள். "ஒண்ணு இருந்தா உடைப்பார். ஊர் பூரா இருந்தா எத்தனையை உடைப்பார்?" அது அவர்கள் வாயிலிருந்து வந்த வார்த்தை, நான் கூட்டவில்லை. அதனால்தான் அந்த முகத்துக்கு இன்னொரு அச்சு எடுத்துப் பொம்மை செய்தேன். முதலில் செய்ததை மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த பழைய ஜவுளிக் கடைக்குக் கொடுத்தோம். குழந்தை கண் மூடின ஆஸ்பத்திரி இருக்கிற தெரு என்பதால் நீங்கள் அந்தப் பக்கம் போகவே மாட்டீர்கள் என்று அண்ணிக்குத் தெரியும். அந்தக் கடை மூடும்வரை அங்கேதான் போய் நின்றார்கள்.

அண்ணி போன பிறகும் ஏன் செய்தாய் என்று அடுத்து கேட்பீர்கள். புதுக் கடை ஆர்டர் கொடுத்தபோது வேறு முகம் கொடுத்திருக்கலாம். என்னிடம் நிறைய இருக்கிறது. இதைத்தான் கொடுத்தேன். எனக்குக் கல்யாணம் இல்லை, குழந்தை இல்லை. அவள் உங்களுக்கு மட்டும் பெண் இல்லை. இதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். வெட்டு என்று சொன்னீர்களே, சொல்வதற்கு முன்னால் பெற்றவளை ஒரு வார்த்தை கேட்டீர்களா?

தம்பி

* * *

மே 30

நர்ஸம்மா பல தடவை காகிதத்தோட கீழே வந்தாங்க. நான்தான் நாளைக்குப் பார்க்கலாம்னு திருப்பி அனுப்பினேன்.

என் பொண்டாட்டி என்கிட்ட எதையும் மறைச்சதில்லன்னு ஊர் முழுக்கச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவன் நான். மருமகளோட சண்டை போட்ட பக்கத்து வீட்டுக்காரர்கிட்டப் பெருமையா புத்திமதி சொன்னவன். அவ உடம்பு அடங்கி இன்னும் ஈரம்கூடக் காயலங்கிற மாதிரி இருக்கு எனக்கு, அதுக்குள்ள அவளை ரெண்டாவது தடவை இழக்கணும்னு உன் கடுதாசி சொல்லுது.

எனக்கு ஞாபகசக்தி ஜாஸ்தி. இப்ப அதுதான் தொல்லை. ஒவ்வொரு நாளா எடுத்துப் பார்க்கிறேன். நூல் வாங்கப் போனேன்னு சொல்லி நூல் இல்லாம வந்தா, கடை பூட்டியிருந்ததுன்னா. ஒரு தடவை முந்தானையில வெள்ளைப் பொடி. "எங்கே உரசினே?"ன்னேன். "சுண்ணாம்பு அடிக்கிறாங்க, ஒதுங்கி வரத் தெரியல"ன்னா. நான் அதைத் தட்டிவிட்டேன். என் கையாலேயே என் பொண்ணோட பிளாஸ்டரைத் தட்டிவிட்டிருக்கேன். ஒரு நாள் கொண்டை ஊசி வளைஞ்சு கிடந்ததை நான்தான் நிமிர்த்திக் கொடுத்தேன். "உனக்குக் கொண்டையா, கடப்பாறையா?"ன்னு கேலி பண்ணினேன். அவ சிரிச்சா. எப்படிச் சிரிச்சா? எப்படிடா முடிஞ்சது அவளுக்கு?

கேட்டேனான்னு கேட்கிறே. கேட்கல. கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பா, அப்பவும் வெட்டச் சொல்லியிருப்பேன். நான் இருந்த இருப்பு அப்படி. அந்த முகம் மேஜையில கண்ணை மூடிக் கிடக்கிறதை என்னால பார்க்க முடியல. அவளுக்கு அது பொண்ணு, எனக்கு அது பொணம். அதுக்கு நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து என்னைத் தள்ளி வச்சுட்டு, எனக்குத் தெரியாம அவளை வளர்த்திருக்கீங்க. என் வீட்டுக்குள்ளேயே நான் ஒருத்தன்தான் வெளியாள்.

இனிமே ஒரே பேச்சு. அவ கண் திறந்த அந்தப் பிளாஸ்டர் முகத்தை எனக்கு அனுப்பு. அதுலேர்ந்து இன்னொரு காப்பி எடுக்கக் கூடாது. ஒண்ணுகூட. வச்சுக்கறதா உடைக்கறதான்னு நான் முடிவு பண்ணிக்கறேன். இந்தத் தடவையாவது என்னை ஏமாத்தாதே.

* * *

ஜூன் 17

அண்ணே,

பார்சல் அனுப்பியிருக்கிறேன். பிரிப்பதற்கு முன் இதைப் படிக்கச் சொல்லுங்கள்.

பொம்மைக்கு எடுத்த பழைய அச்சு மூக்குப் பக்கம் கிழிந்துவிட்டது. தொட்டால் உதிர்கிறது. முகத்தை உங்களுக்கு அனுப்பினால் நீங்கள் உடைப்பீர்கள் என்று நினைத்தேன். நினைத்ததை மறைக்கவில்லை. அதனால் அனுப்புவதற்கு முன்னால் கடைசியாக ஒரு புது அச்சு எடுக்க உட்கார்ந்தேன். நீங்கள் கூடாது என்று சொன்ன பிறகுதான் உட்கார்ந்தேன்.

முன் பாதிக்கு ஊற்றினேன். இறுகியது. திருப்பிப் போட்டு, பின் பாதிக்கு ஊற்றினேன். நடுவில் மெழுகு தடவவில்லை.

உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை, ஆனால் படிக்கும் அம்மாவுக்காக எழுதுகிறேன். சிலிக்கான் மரத்தில் ஒட்டாது, இரும்பில் ஒட்டாது, பிளாஸ்டரில் ஒட்டாது. தன் மேல் மட்டும் விடாமல் ஒட்டிக்கொள்ளும். ஒரு பாதிக்கும் மறுபாதிக்கும் நடுவே மெழுகு தடவினால்தான் அச்சு இரண்டாகப் பிரியும். தடவாவிட்டால் இரண்டும் சேர்ந்து ஒரே கட்டி. முகம் உள்ளே மாட்டிக்கொண்டது.

வெட்டித்தான் எடுக்க வேண்டும். உள்ளே எது மூக்கு எது கன்னம் என்று வெளியே தெரியாது. கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனால் இமை போய்விடும். கத்தியை வைத்தேன், எடுத்துவிட்டேன். கட்டியாகவே அனுப்புகிறேன். வெட்டச் சொன்னவர் நீங்கள். வெட்டத் தெரிந்தவரும் நீங்கள்.

தம்பி

* * *

ஜூலை 9

பார்சல் வந்தது. தலையணை அளவு ரப்பர் கட்டி. நர்ஸம்மா தூக்கிப் பார்த்துட்டு, "தாத்தா, இதுக்குள்ளயா இருக்கா?"ன்னாங்க. வாங்கி மேஜையில வச்சுட்டு மூணு வேளையும் அது பக்கத்துலயே உட்கார்ந்து சாப்பிட்டேன்.

நீ மெழுகு தடவ மறக்கிற ஆளா? நாலு வயசுப் பையனுக்குப் பாடம் சொல்ற மாதிரி ஊருக்கெல்லாம் அதைச் சொல்லிக் கொடுத்தவன் நீ. மறந்தியா, வேணும்னே செய்தியான்னு நான் கேட்கப் போறதில்ல. என்ன சொன்னாலும் நம்ப மாட்டேன். அதைத்தான் நீ எனக்குச் செஞ்சு வச்சிருக்கே. கூடாதுன்னு சொன்ன பிறகும் ஊத்தினியே, அது மட்டும் எனக்குப் போதும்.

வெட்டினேன். ஆபரேஷன் ஆன கண்ணை நம்பல, கையை நம்பினேன். ரப்பரை அமுக்கிப் பார்த்தா உள்ளே எங்கே கெட்டி, எங்கே பள்ளம்னு விரலுக்குத் தெரியும். காது பக்கமாத் தொடங்கி, ஒரு கீறல், பிறகு விரிச்சுப் பார்த்து இன்னொரு கீறல். பல நாள் பிடிச்சது. நெத்தி முதல்ல வந்தது. குழி வந்தது. கத்தியைக் கீழே வச்சுட்டுக் கையாலயே உரிச்சேன். தோலுரிக்கிற மாதிரி வந்துச்சு.

இமையில கீறல் எதுவும் விழல.

அவ வேலையை அப்பத்தான் கிட்டத்துல பார்த்தேன். வலது கண் கொஞ்சம் பெரிசு. இமை ஓரத்துல ஊசி வழுக்கின கோடு ஒண்ணு, அதை மறைக்க விரலாலத் தேய்ச்சிருக்கா. தொழில் தெரிஞ்சவன் இப்படிச் செய்ய மாட்டான். அவ எந்த இடத்துல அழுதுக்கிட்டே கீறினது, அதுகூட எனக்குத் தெரியுது. களிமண் பிசைய மட்டும் தெரிஞ்சவள்னு நினைச்சேன் அவளை. இத்தனை வருஷம் என் விரலையே பார்த்துக்கிட்டு நின்னிருக்கா. ஒரு நாள் "எனக்கும் ஒரு ஊசி கொடுங்க"ன்னு கேட்டிருக்கலாம். கேட்கல. கொடுக்க மாட்டேன்னு தெரிஞ்சுதான் கேட்கலன்னு இப்ப படுது. அதுவும் வலிக்குது. அவ செஞ்சதும் வலிக்குது. ஒண்ணு இன்னொண்ணைக் கழிக்கல.

சுத்தியலை எடுத்து மேஜையில வச்சேன். பொண்ணு முகம் மட்டும்னா உடைச்சிருப்பேன். இதுல அவளும் இருக்கா. என்னை ஏமாத்தினவளோட கை இது ஒண்ணுதான் என்கிட்ட இருக்கு. சண்டை போடணும்னாலும் இது கிட்டத்தான் போடணும். உடைக்கல. தினம் காலையில நாலு வார்த்தை நல்லாத் திட்டறேன். அது என் நெஞ்சையே பார்த்துக்கிட்டு இருக்கு.

கடையில இருக்கிறதை எடுக்கச் சொல்லி நான் கேட்கப் போறதில்ல. இனிமே செய்யாதே. இதுலயும் பொய் சொன்னா எனக்குத் தெரியப் போறதில்ல, நான் திரும்ப அந்தத் தெருவுக்குப் போகப் போறதில்ல.

உன்னை வீட்டுக்குள்ள விடறதா இல்ல. அதை எதிர்பார்க்காதே. ஆனா முகத்தை நிமிர்த்தி வச்சதும் நர்ஸம்மா கேட்டாங்க, "இவங்க நடந்தா எப்படி இருப்பாங்க, பேசினா எப்படி இருக்கும்?"னு. சொல்ல ஆரம்பிச்சேன். பாதியில, இது நிஜந்தானான்னு யாரையாவது கேட்கணும்போல இருந்துச்சு. அச்செடுத்த அன்னைக்கு மேஜையைச் சுத்தி நின்னவங்களை ஒவ்வொருத்தரா நினைச்சேன். மாவு கலக்கிக் கொடுத்த பல் டாக்டரோட கம்பவுண்டர் போயிட்டார். எட்டிப் பார்க்க வந்த பால்காரர் போயிட்டார். மணல் கொட்டின ஏஜென்ட் எப்பவோ போயிட்டார்னு கேள்வி. அவ சிநேகிதி, கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னாளே, அவளும் போன வருஷம். பெத்தவ போயிட்டா. படுத்திருந்தவ போயிட்டா. என்னைக் கணக்குல சேர்க்காதே, நான் கிளம்பி நிக்கிறவன்.

மிச்சம் ஒருத்தன். கை எப்பவும் பிசினா இருக்கும்னு என் பொண்ணே வச்ச பேர், வீட்டுல வேற யாரும் அவனை அப்படிக் கூப்பிட்டதில்ல: பிசுக்குச் சித்தப்பா.